ரேசிங் சிமுலேட்டருக்கு முதல் ஸ்டீயரிங்: எதைப் பார்த்து வாங்குவது?

கீபோர்டிலும் கேம்பேடிலும் கார் ஓட்டிப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் ஸ்டீயரிங் ஆசை வந்துவிடும். நல்ல ஆசைதான். அசெட்டோ கோர்ஸா, ஐரேசிங் மாதிரியான சிமுலேட்டர்களில் முன் டயர் பிடி விடப்போவதைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே கை உணர்ந்துவிடும். அந்த உணர்வு கேம்பேடில் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் வாங்கப் போனால் தலை சுற்றும். மூவாயிரம் ரூபாய்க்கும் ஸ்டீயரிங் இருக்கிறது, லட்சத்தைத் தாண்டியும் இருக்கிறது. இரண்டையும் படத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டீயரிங்கைத் (இதைத்தான் வீல் என்கிறோம்) திருப்பும் மோட்டாரின் பலத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் யாருக்குச் சொன்னாலும் வேறு வரிசையில்தான் சொல்வேன். முதலில் வீலை ஆடாமல் பொருத்தும் பிடிமானம், அடுத்து பிரேக் பெடல், அதற்கப்புறம் மோட்டார். ஆடாத மேசையில் இறுக்கிய சாதாரண வீலும் நல்ல பிரேக்கும் இருந்தால், ஆடுகிற மேசையில் வைத்த விலை உயர்ந்த வீலைவிட வேகமாகவும் சீராகவும் ஓட்டலாம். இந்த வரிசை ஏன் என்பது போகப்போகத் தெரியும். இது கணினியில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கான வழிகாட்டி. பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ வைத்திருந்தால் அந்தந்தக் கருவிக்கு உரிமம் பெற்ற வீல்தான் வேலை செய்யும். கணினிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

முதலில்: எதை ஓட்டப் போகிறீர்கள்?

ஃபோர்ஸா ஹொரைசன் மாதிரி ஊர் சுற்றும் கேம்தான் உங்கள் விருப்பம் என்றால், அவசரப்பட வேண்டாம். அவை கேம்பேடை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை. வீல் வைத்து ஓட்டினால் கொஞ்ச நாளில் கேம்பேடுக்கே திரும்பிவிடுபவர்கள் அதிகம்.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாடுகிறவர்களின் தேவை தனி. தமிழ்நாட்டுப் பேருந்து மாட்களை (mods, ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்புகள்) போட்டு அதிலேயே மணிக்கணக்கில் ஓட்டும் நம்மூர்க் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது 900 டிகிரி சுழலும் வீல், கிளட்ச், முடிந்தால் ஒரு கியர் ஷிஃப்டர். பலமான மோட்டார் தேவையே இல்லை. அந்தக் காசை ஷிஃப்டருக்குப் போடலாம்.

அசெட்டோ கோர்ஸா, அசெட்டோ கோர்ஸா காம்படிசியோனே, ஐரேசிங், ஆட்டோமொபிலிஸ்டா 2, டர்ட் ராலி 2.0 போன்றவைதான் வீலின் முழுப் பலனையும் தருபவை. இதில் ஃபார்முலா கார்களும் ஜிடி3 கார்களும் (பந்தயத்துக்காக மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார்கள்) ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பு போன்ற பட்டைகளால் கியர் மாற்றுபவை. கிளட்சும் கம்பி ஷிஃப்டரும் இல்லாமலே காலம் தள்ளலாம். பழைய கார்கள், ராலி என்று போனால்தான் ஷிஃப்டரும் ஹேண்ட்பிரேக்கும் கேட்கும். எனவே முதல் செலவுக் கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

அதிர்வு வேறு, ஃபோர்ஸ் ஃபீட்பேக் வேறு

மலிவான வீல்களின் அட்டைப் பெட்டியில் ‘வைப்ரேஷன்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். கைப்பேசி சைலன்ட்டில் அதிர்வதைப் போன்ற சின்ன மோட்டார்தான் உள்ளே இருக்கிறது. வீலை நடுவுக்குக் கொண்டுவருவது ஒரு ஸ்பிரிங்கோ ரப்பரோ. கார் நேராகப் போனாலும், வளைவில் டயர் கதறினாலும், சறுக்கிச் சுழன்றாலும் அந்த ஸ்பிரிங் ஒரே மாதிரிதான் இழுக்கும். காரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது மோட்டார் வீலையே திருப்புவது. முன் டயர்களில் என்ன விசை வருகிறது என்று கேம் கணக்கிட்டு அதை மோட்டாருக்கு அனுப்புகிறது. வளைவில் வேகம் கூடக்கூட வீல் கனமாகிக்கொண்டே வரும். டயர் பிடி விடத் தொடங்கியதும் சட்டென்று லேசாகும். அந்த லேசாகும் கணம்தான் தகவல். ‘இதற்கு மேல் திருப்பாதே’ என்று கார் சொல்வது அதன் மூலம்தான். பின்பக்கம் வெளியே போனால் வீல் தானாகவே எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கும், நீங்கள் அதை விட்டுக்கொடுத்துப் பிடித்தால் போதும்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் இருக்கிறதா?’ என்பதுதான். ‘வைப்ரேஷன் இருக்கிறது சார்’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் சிமுலேட்டருக்கு அது காசைக் கரியாக்குவது. அதைவிட ஒரு நல்ல கேம்பேட் எவ்வளவோ மேல்.

இதே இடத்தில் சுழற்சியையும் பாருங்கள். 180 அல்லது 270 டிகிரி மட்டும் சுழலும் வீலில் சாதாரணச் சாலைக் காரை ஓட்டினால் சின்னத் திருப்பலுக்கே கார் துள்ளும். 900 டிகிரி, அதாவது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டரைச் சுற்று, அதுதான் பொதுவான அளவு. ஃபார்முலா காருக்கு அதில் பாதிகூட வேண்டாம், ஆனால் குறைப்பதை மென்பொருளில் செய்துகொள்ளலாம். இல்லாததைக் கூட்ட முடியாது.

மூன்று வகை மோட்டார்

மோட்டாரின் விசையை வீலுக்குக் கொண்டுவருவதில் மூன்று வழிகள் இருக்கின்றன.

பல்சக்கரம் வைத்தவை முதல் வகை. லாஜிடெக்கின் ஜி29, ஜி920, ஜி923 எல்லாம் இதில் வரும். 2015இல் வந்த ஜி29 இன்றைக்கும் விற்கிறது, பழையதும் நிறையக் கிடைக்கிறது. உறுதியானது, பல வருஷம் உழைக்கும். குறை என்னவென்றால், பற்கள் ஒன்றோடொன்று மோதும் கடகடப்பு கையிலும் காதிலும் படும். மேடு பள்ளமான பாதையில் அந்தச் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். நடுப்பகுதியில் கொஞ்சம் தளர்வும் இருக்கும்.

இரண்டாவது வகையில் பெல்ட். த்ரஸ்ட்மாஸ்டரின் டி300 இதில் பெயர் பெற்றது. அதே நிறுவனத்தின் டி150, டி248 போன்றவற்றில் பெல்ட்டும் பல்சக்கரமும் கலந்து இருக்கும். பெல்ட் வீல் வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் குறைவு, சறுக்கலைப் பிடிக்க வேகமாகச் சுழலும். ஆனால் நெடுநேரம் ஓட்டினால் மோட்டார் சூடாகி விசை தளர்வது உண்டு. ஏசி இல்லாத அறையில் மே மாத மதியத்தில் ஒரு மணி நேரப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

மூன்றாவது டைரக்ட் டிரைவ். மோட்டாரின் தண்டிலேயே வீல் பூட்டப்பட்டிருக்கும். நடுவில் பல்லும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மோட்டாரில் நடப்பது அப்படியே கைக்கு வரும். 2021இல் ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி வந்தபோதுதான் இது சாதாரண ஆட்கள் எட்டிப் பிடிக்கும் விலைக்கு இறங்கியது. அப்புறம் மோசா ஆர்5, ஆர்9 போன்றவை வந்து போட்டியைக் கூட்டின.

வீலைத் திருப்பும் விசையை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். அந்த எண்ணைக் கைக்குப் புரிகிற மாதிரி மாற்றிப் பார்ப்போம். 30 செ.மீ. விட்டமுள்ள வீலில் நடுவிலிருந்து விளிம்பு 15 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. 5 நியூட்டன் மீட்டர் என்றால், விளிம்பில் நீங்கள் தாங்க வேண்டியது ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. 8 நியூட்டன் மீட்டர் என்றால் ஐந்தரைக் கிலோவை நெருங்கும். ஜி29 தருவது 2 நியூட்டன் மீட்டருக்குச் சற்றே மேல், அதன் வீலும் கொஞ்சம் சின்னது. விளிம்பில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகம் வரும். மூன்றரைக் கிலோவை அரை மணி நேரம் இரு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் தோள் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். முதல் வீலுக்கு 5 நியூட்டன் மீட்டர் தாராளம். 8 இருந்தால் வசதி. அதற்கு மேல் போவது பழகிய பின் யோசிக்க வேண்டியது.

பலமான வீல் வாங்கினால் ஒரு பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள்: கட்டைவிரலை வீலின் கம்பிகளுக்குள் நுழைத்துப் பிடிக்கக் கூடாது. சுவரில் மோதும்போது வீல் படாரென்று திரும்பும். மோதப்போவது உறுதி என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் விசையைக் குறைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பிரேக் பெடல்: காசு போட வேண்டிய இடம்

சுற்று நேரம் குறைவதும் கூடுவதும் பெரும்பாலும் பிரேக்கில்தான். வளைவுக்கு முன் எங்கே அழுத்துகிறோம், எவ்வளவு அழுத்துகிறோம், எப்படி விடுகிறோம் என்ற மூன்றும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி அமைந்தால் வேகம் தானாக வரும். இதில் கடினமானது மூன்றாவது. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அதற்குக் கால் எவ்வளவு அழுத்திக்கொண்டிருக்கிறது என்பது பெடலுக்குச் சரியாகத் தெரிந்தாக வேண்டும்.

சாதாரணப் பெடல்களில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அதே பாகம்தான். பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அது அளக்கிறது. தூசி படிந்தால் அளவு குதிக்கத் தொடங்கும். இதைவிட மேலானது காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார். உரசும் பாகம் இல்லாததால் தேயாது. ஆனால் அதுவும் அளப்பது தூரத்தைத்தான்.

லோட் செல் பெடல் அளப்பது அழுத்தத்தை. பெடல் கொஞ்சம்தான் நகரும், நீங்கள் எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. உண்மையான பந்தயக் காரின் பிரேக்கும் அப்படித்தான். நம் கால் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்வதில் அவ்வளவு கெட்டி இல்லை, பலத்தை நினைவில் வைத்துக்கொள்வதில் கெட்டி. பெடல் நான்கு சென்டிமீட்டர் இறங்கியதா ஐந்தா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. முழுப் பலத்தில் பாதி போட்டு மிதி என்றால் திரும்பத் திரும்ப ஏறத்தாழ அதே அளவு மிதிக்க முடியும். லோட் செல்லுக்கு மாறியவர்கள் சொல்லும் முதல் விஷயம், பிரேக் போடும்போது முன்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வது குறைந்துவிட்டது என்பதுதான்.

கணினியில் ஓட்டுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி. வீல் ஒரு நிறுவனம், பெடல் இன்னொரு நிறுவனம் என்று கலந்து வாங்கலாம். யுஎஸ்பியில் நேராகச் செருகக்கூடிய பெடல் என்றால் போதும். சிமுலேட்டரில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒதுக்கிக்கொள்ளலாம். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை. இன்றைக்குச் சுமாரான வீல் செட், சில மாதம் கழித்து லோட் செல் பெடல், அதற்கும் பிறகு மோட்டார் என்று படிப்படியாகப் போகலாம். நான் நண்பர்களுக்குப் பரிந்துரைக்கும் வழி இதுதான்.

வாங்கும்போது செட்டில் எத்தனை பெடல் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஜி29 உடன் மூன்று வரும். த்ரஸ்ட்மாஸ்டரின் டி128, மோசா ஆர்5 செட் போன்றவற்றில் இரண்டுதான், கிளட்ச் கிடையாது.

எங்கே பொருத்துவது?

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. வீலைப் பெட்டியிலிருந்து எடுத்த பிறகுதான் மேசையின் விளிம்பு கிளாம்புக்குள் நுழையவில்லை என்று தெரியவரும். வாங்குவதற்கு முன்பே மேசைப் பலகையின் தடிமனையும், விளிம்புக்குக் கீழே சட்டமோ டிராயரோ இடிக்கிறதா என்பதையும் அளந்துவிடுங்கள். கண்ணாடி மேசையில் கண்டிப்பாக மாட்டக் கூடாது. அட்டைத்தூள் பலகையில் செய்த மெல்லிய கணினி மேசையும் நாளடைவில் விளிம்பில் நொறுங்கும். மேலும் கீழும் சின்ன பிளைவுட் துண்டு கொடுத்து இறுக்கினால் தாங்கும்.

கனமான மர மேசைக்கு ஜி29, டி150 ரக வீல்கள் பொருத்தம். 5 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவை நல்ல மேசையில் கிளாம்ப் போட்டு ஓட்டலாம். 8 என்றால் மேசையே ஆடும். மேசை ஆடினால் மோட்டார் தரும் நுட்பமான தகவல் பலகைக்குப் போய்விடும், கைக்கு வராது. பலமான மோட்டாரைவிடப் பிடிமானம் முந்தியது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது நாற்காலி. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடும். பெடல் பலகை முன்னால் ஓடும். இதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. பெடல் பலகையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், நடுவில் ஒரு கட்டை கொடுத்தாலும் சரி. நாற்காலியின் நடுத்தண்டையும் பெடல் பலகையையும் ஒரு நாடாவால் கட்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். சக்கரம் இல்லாத சாப்பாட்டு மேசை நாற்காலி எல்லாவற்றிலும் எளிது. ஆனால் லோட் செல் பெடல் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த ஏற்பாடுகள் போதாது. இருபது, முப்பது கிலோ அழுத்தம் விழும்போது எல்லாம் நகரும்.

அந்தக் கட்டத்தில் மடக்கி வைக்கக்கூடிய ஸ்டாண்டோ, இருக்கையோடு சேர்ந்த ரிக்கோ வேண்டும். ஹாலில் ஓட்டிவிட்டு ஓரமாக எடுத்து வைக்க வேண்டிய வீடு என்றால் ஸ்டாண்ட் சரி. நிரந்தரமாக ஒரு மூலை கிடைக்கும் என்றால் அலுமினிய புரொஃபைல் சட்டத்தில் செய்த ரிக் பல வருஷத்துக்குப் போதும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சதுர இரும்புக் குழாய் கொடுத்துச் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். பெடல் தளத்தின் கோணத்தையும் தூரத்தையும் மாற்றிக்கொள்ளும்படி துளைகள் வைக்கச் சொன்னால் அது அருமையான வழி. காரின் பழைய இருக்கை ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

சரி, எதை வாங்கலாம்?

இந்தப் பொழுதுபோக்கு நமக்கு ஒத்துவருமா என்றே தெரியாத நிலையில் இருந்தால், பழைய ஜி29 அல்லது ஜி920. இரண்டும் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று பிளேஸ்டேஷனுக்கு, மற்றது எக்ஸ்பாக்ஸுக்கு. கணினிக்கு இரண்டும் ஓடும் என்பதால் எது நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். ஆறு மாதம் ஓட்டிவிட்டுப் பிடிக்கவில்லை என்று விற்றாலும் பெரிய நஷ்டம் வராது. இந்த வீல்களுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது.

தொடர்ந்து ஓட்டப் போகிறோம் என்பது உறுதி, ஆனால் கையில் அளவான காசு என்றால், அதே ஜி29 ரகத்தோடு மிச்சப் பணத்தை ஸ்டாண்டுக்கும் பின்னால் ஒரு லோட் செல் பெடலுக்கும் ஒதுக்குங்கள். டி300 நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் சிறந்த தேர்வு. அதில் கையால் பிடிக்கும் வளையத்தை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம்.

பட்ஜெட் தாராளமாக இருந்தால் நேராக 5 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவ் செட். மோசா ஆர்5, ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி இரண்டும் இந்த இடத்தில் நிற்பவை. சிஎஸ்எல் டிடியில் பெரிய மின் அடாப்டரைத் தனியாக வாங்கிப் போட்டால் அதே மோட்டார் 8 நியூட்டன் மீட்டர் வரை போகும். இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் மோட்டாரில் பொதுவாக அந்த நிறுவனத்தின் வீல்கள்தான் பொருந்தும். எனவே நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒரு பொருளை மட்டும் அல்ல, அடுத்த சில வருடங்களுக்கு எந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போகப் போகிறீர்கள் என்பதையும்தான். இந்தியாவில் யார் விற்கிறார்கள், பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவது நம்மிடையே உள்ள வழக்கம். வாங்குமுன் மின் இணைப்பின் விவரச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் இங்கே நேராக ஓடும். 120 என்று மட்டும் இருந்தால் வேண்டாம். உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும்.

பழையது வாங்கும்போது

நேரில் போய், மின்சாரம் கொடுத்து, கணினியில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘வீட்டில் டெஸ்ட் செய்துவிட்டேன்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

இணைத்ததும் வீல் தானாக இடது வலமாகச் சுழன்று நடுவில் வந்து நிற்கும். அந்த நடு உண்மையிலேயே நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு கோடு இருக்கும். பிரேக்கை மிக மெதுவாக, பத்து விநாடி எடுத்துக்கொண்டு, அடிவரை அழுத்துங்கள். கோடும் அதே போல நிதானமாக நகர வேண்டும். நடுவில் துள்ளினாலோ, காலை அசைக்காமல் வைத்திருக்கும்போது நடுங்கினாலோ பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு என்று அர்த்தம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும், அதனால் விலையைக் குறைத்துக் கேட்க இது போதுமான காரணம். காலை முழுதாக எடுத்தபின் கோடு ஆரம்ப இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஓட்டும்போது பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து, ஏதாவது ஒரு சிமுலேட்டரில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வீலைச் சில முறை வேகமாகத் திருப்பிவிட்டு, நேர்ப்பாதையில் கார் நேராகப் போகும்போது வீலும் நேராக இருக்கிறதா என்று கவனியுங்கள். நடு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் விலகிக்கொண்டே போனால் உள்ளே சுழற்சியை அளக்கும் பாகத்தில் கோளாறு. அந்த வீலை வாங்காதீர்கள். கியர் பட்டைகள் இரண்டையும் இருபது முறையாவது தட்டுங்கள். ஒரு தட்டலுக்கு இரண்டு கியர் ஏறுவது தேய்ந்த ஸ்விட்சின் அடையாளம். மேசைக் கிளாம்பின் திருகு மரையும் பெடல் வயரின் முனையும் நன்றாக இருக்கின்றனவா, அடாப்டர் அசல்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

நிறுவனத்தின் மென்பொருளை முதலில் நிறுவுங்கள். ஃபர்ம்வேர் (வீலுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்தல் கேட்டால் முடித்துவிடுங்கள். வீலைக் கணினியின் யுஎஸ்பி துளையிலேயே நேராகச் செருக வேண்டும், ஹப் வழியாக வேண்டாம். நடு கண்டுபிடிக்கும் சுழற்சி நடக்கும்போது வீலில் கை வைக்காதீர்கள். மென்பொருளில் சுழற்சியை 900க்கு வைத்துவிட்டு, காருக்குக் கார் குறைப்பதைச் சிமுலேட்டரிடம் விட்டுவிடலாம்.

பலரும் செய்வது, ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை முழுதாக ஏற்றிவிடுவது. அப்படிச் செய்தால் நல்ல வீலும் ஊமையாகிவிடும். உங்கள் வீலால் 2 நியூட்டன் மீட்டர்தான் தர முடியும், வளைவில் கேம் கேட்பது 3 என்று வைத்துக்கொள்வோம். 2 முதல் 3 வரை நடக்கும் ஏற்ற இறக்கம் எல்லாம் கையில் ஒரே இறுக்கமாகத் தெரியும். டயர் பிடி விடும் தகவல் ஒளிந்திருப்பது அங்கேதான். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். அசெட்டோ கோர்ஸாவில் பெடல் அளவுகளைக் காட்டும் சின்னப் பெட்டியை ஓரத்தில் திறந்து வையுங்கள். அதில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு கோடு உண்டு, கிளிப் ஆகும்போது சிவப்பாகும். நீண்ட, வேகமான வளைவு ஒன்றில் ஓட்டிப் பார்த்து, அங்கே சிவப்பு எப்போதாவது மட்டும் எட்டிப்பார்க்கும் அளவுக்கு கெயினை (ஃபோர்ஸ் ஃபீட்பேக்கின் மொத்த அளவு) குறையுங்கள். பந்தயப் பாதையின் ஓரத்து மேட்டு விளிம்பில் ஏறும்போது சிவப்பாவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பல்சக்கர வீல் என்றால் நடுவில் இருக்கும் தளர்வை ஈடுகட்ட மினிமம் ஃபோர்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நேர்ப்பாதையில் கையை லேசாக விட்டால் வீல் இடமும் வலமுமாகத் துடிக்கத் தொடங்கும் ஒரு இடம் வரும். அதற்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து பார்வைக் கோணம். வீல் அமைப்பில் சேராது என்றாலும், இது தவறாக இருந்தால் மேலே செய்த எல்லாம் வீண். திரை ஒரு சன்னல் என்றால், உங்கள் கண்ணிலிருந்து அந்தச் சன்னல் வழியாக எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் காட்ட வேண்டும். 27 அங்குலத் திரையின் உயரம் 33.6 செ.மீ. கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் அது இருந்தால் செங்குத்துக் கோணம் சுமார் 31 டிகிரி. அசெட்டோ கோர்ஸா கேட்பது இந்த எண்ணைத்தான். கேமில் இயல்பாக வரும் எண் இதைவிட மிகப் பெரியது, அதனால் வளைவுகள் தூரத்தில் இருப்பது போலவும் வேகம் கூடுதலாக இருப்பது போலவும் தெரியும், பிரேக் போடும் இடம் தப்பிக்கொண்டே இருக்கும். 31க்கு மாற்றியதும் பக்கவாட்டுக் கண்ணாடிகள் மறைந்து முதலில் மூச்சு முட்டும். சில நாள் பொறுங்கள், வளைவின் உண்மையான அளவு பிடிபட்டுவிடும். வீலுக்குப் பின்னால் திரையை எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவருவதும் இதனால்தான்.

முதலில் எடுத்தவுடன் ஃபார்முலா காரில் உட்காராதீர்கள். ஐரேசிங்கில் புதியவர்களுக்குக் கொடுக்கப்படும் மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி, பலம் குறைந்த, பின்சக்கரத்தால் ஓடும் சின்னக் கார் ஒன்றை எடுங்கள். ஒரே கார், ஒரே பாதை. உதவி அமைப்புகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை முதல் வாரம் அணைக்கத் தேவையில்லை. ஓட்டப் பழகியபின் அணையுங்கள்.

சாதாரணப் பெடலாக இருந்தால் அசெட்டோ கோர்ஸாவில் பிரேக் காமா என்ற எண்ணை 2க்கு மேல் ஏற்றிப் பாருங்கள். முதல் பாதி மிதி மென்மையாகவும் கடைசிப் பகுதி கடுமையாகவும் மாறும், சக்கரம் பூட்டுவது குறையும். லோட் செல்லுக்கு அது 1லேயே இருக்கட்டும். அங்கே சரிசெய்ய வேண்டியது வேறு: எவ்வளவு அழுத்தினால் நூறு சதவீதம் என்பதை. நாற்காலியில் சாய்ந்து, சிரமம் இல்லாமல் நீங்கள் தொடர்ந்து மிதிக்கக்கூடிய அழுத்தத்தை நூறாக வையுங்கள். கால் பழகப்பழக அந்த அளவை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு பந்தயம் முழுக்க ஓட்டி முடித்தபின் கெண்டைக்கால் வலித்தால், அது அதிகம்.